கோழைச் சோதனையில் நடப்பது என்ன?



இரண்டு வாரத்துக்கு மேலாக இருமல் நிற்கவில்லை என்று ஒருவர் கிளினிக்குக்குப் போகிறார். அங்கே மூடி போட்ட ஒரு சின்னக் குப்பியை அவர் கையில் கொடுத்து, “காலையில் எழுந்ததும் கோழையை இதில் எடுத்து வாருங்கள்” என்கிறார்கள். வீட்டுக்கு வந்த அந்தக் குப்பி என்ன ஆகிறது? சில வீடுகளில் அது அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைக்கப்படுகிறது. சில வீடுகளில், கேட்டார்களே என்பதற்காக வாயில் ஊறிய எச்சிலைத் துப்பி அனுப்பிவிடுகிறார்கள். இன்னும் சிலர் மறுநாள் கிளினிக் பக்கமே தலைகாட்டுவதில்லை.

பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் என்னிடம் கேட்பதும் இந்தக் குப்பியைப் பற்றித்தான். “சளி கொடுத்தாச்சு சார். கிருமி இல்லேன்னுதான் சொன்னாங்க. அப்புறம் ஏன் மறுபடியும் கூப்பிடுறாங்க? இன்னொரு ரிசல்ட் வர ரெண்டு மாசம் ஆகும்னு ஏன் சொல்றாங்க?” நியாயமான கேள்விதான். அதற்கு விடை ஆய்வுக்கூடத்துக்குள் இருக்கிறது. ஆகவே, இன்று அந்தக் குப்பியின் பின்னாலேயே நாமும் உள்ளே போய்ப் பார்ப்போம்.

ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர்கள் குப்பியில் உள்ள கோழையிடம் மூன்று கேள்விகளைக் கேட்கிறார்கள். கிருமி இருக்கிறதா? இருந்தால், அது என்ன கிருமி? அதை எந்த மருந்து கொல்லும்? இந்த மூன்று கேள்விக்கும் விடை காண அவர்களிடம் மூன்று பழைய கலைகள் உண்டு. ஒன்று, பெரிதாக்கிப் பார்ப்பது. இரண்டாவது, சாயம் ஏற்றுவது. மூன்றாவது, கிருமியை வளர்ப்பது. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, பெரிதாக்கிப் பார்க்கும் கருவி. மைக்ரோஸ்கோப் என்று சொல்கிறோமே, அதன் தமிழ்ப்பெயர் நுண்பெருக்காடி. உங்கள் பிள்ளையின் அளவுகோலை எடுத்து, அதில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைப் பாருங்கள். அந்தச் சிறிய இடைவெளியை 1,000 கூறுகளாகப் பிரித்தால் ஒரு கூறுக்கு மைக்ரோமீட்டர் என்று பெயர். காசநோய்க் கிருமியின் நீளம் ஏறக்குறைய 2 முதல் 4 மைக்ரோமீட்டர்தான். 300 கிருமிகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் படுக்க வைத்தால்தான் அந்த ஒரு மில்லிமீட்டர் நிரம்பும். நம் வெறுங்கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

இவ்வளவு சிறிய உயிர்களை முதன்முதலில் பார்த்து எழுதி வைத்தவர் பல்கலைக்கழகம் சென்று படித்தவர் அல்லர். ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் என்னும் ஊரில் துணி வியாபாரம் செய்த அந்தோணி வான் லேவன்ஹூக் என்பவர்தான் அவர். தம் கையாலேயே சின்னஞ்சிறு கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துச் செய்து, அவற்றின் வழியே தண்ணீரையும் தம் பல்லின் அழுக்கையும் பார்த்தார். தண்ணீரில் நெளிந்து திரிந்த உயிர்களைப் பற்றி 1676-ஆம் ஆண்டு இலண்டன் அறிஞர் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். பொறுமையும் கூர்மையான கண்ணும் இருந்தால் தொழிலாளியும் வியாபாரியும்கூட அறிவியலுக்குக் கொடை தர முடியும் என்பதற்கு அவர் ஒரு சான்று.

இன்றைய நுண்பெருக்காடியில் இரண்டு இடங்களில் வில்லைகள் இருக்கின்றன. கண் வைக்கும் இடத்தில் உள்ளது பத்து மடங்கும், கீழே உள்ளது நூறு மடங்கும் பெரிதாக்கும். இரண்டும் சேர்ந்து 1,000 மடங்கு. அந்த நூறு மடங்கு வில்லையைப் பயன்படுத்தும்போது, வில்லைக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் இடையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவார்கள். ஏன் தெரியுமா? கண்ணாடியிலிருந்து காற்றுக்குள் போகும் ஒளி வளைந்து சிதறிவிடும். கண்ணாடியைப் போலவே ஒளியைக் கடத்தும் எண்ணெய் இடையில் இருந்தால், ஒளி சிதறாமல் வில்லைக்குள் நேராகப் போகும். உருவமும் தெளிவாகத் தெரியும்.

ஆனால், பெரிதாக்கினால் மட்டும் போதாது. பெரும்பாலான கிருமிகளுக்கு நிறமே கிடையாது. தண்ணீருக்குள் கிடக்கும் கண்ணாடித் துண்டைப் போல அவை கண்ணுக்குப் பிடிபடாமல் இருக்கும். இங்கேதான் இரண்டாவது கலை வருகிறது. அதுதான் சாயம் ஏற்றுதல்.

கோழை வந்ததும், அதில் கெட்டியாக, மஞ்சளாக இருக்கும் பகுதியைத் தேடி ஒரு குச்சியால் எடுப்பார்கள். அதை ஒரு கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தடவி, காற்றில் உலர விட்டு, பிறகு சூடு காட்டுவார்கள். அப்போது அது தகட்டில் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் கார்பால் ஃபுக்சின் என்னும் சிவப்புச் சாயத்தை ஊற்றி, கொதிக்க விடாமல் ஆவி மட்டும் எழும்படி சூடாக்குவார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தண்ணீரால் கழுவினால் தகடு முழுவதும் சிவந்திருக்கும். கோழையும் சிவப்பு, கிருமியும் சிவப்பு, எல்லாம் சிவப்பு.

அடுத்து அமிலத்தை ஊற்றுவார்கள். ரப்பர்ப் பாலை உறைய வைக்க ஆசிட் ஊற்றிய அனுபவம் நம்மில் மூத்தவர்களுக்கு உண்டு. ஆய்வுக்கூடத்தில் ஊற்றுவது அதைவிடக் கடுமையானது. அது கோழையிலும் மற்றக் கிருமிகளிலும் ஏறிய சிவப்பை எல்லாம் கழற்றிவிடும். காசநோய்க் கிருமியின் சிவப்பை மட்டும் அதனால் கழற்ற முடியாது. ஏனென்றால், அந்தக் கிருமி மெழுகு போன்ற ஒரு கெட்டியான உறையைப் போர்த்தியிருக்கிறது. சூட்டில் சாயம் அந்த மெழுகுக்குள் புகுந்துவிடுகிறது. பிறகு அமிலம் வந்து தட்டினாலும் மெழுகு கதவைத் திறப்பதில்லை.

நம் வீட்டுத் துணிகளை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் கறை பட்ட துணியை வெயிலில் காயப்போட்டால் நாளடைவில் வெளுத்துவிடும். பால் வெட்டப் போன சட்டையில் உறைந்த ரப்பர்ப் பால் கறையோ எத்தனை சோப்புப் போட்டாலும் போவதில்லை. எந்தக் கறை போகிறது, எந்தக் கறை போகாமல் நிற்கிறது என்பதை வைத்தே அது எதனுடைய கறை என்று சொல்லிவிடலாம். ஆய்வுக்கூடம் செய்வதும் அதைத்தான்.

கடைசியாக நீலச் சாயம் ஒன்றை ஊற்றுவார்கள். வெளுத்துப்போனவை எல்லாம் நீலமாகிவிடும். இப்போது நுண்பெருக்காடியில் பார்த்தால், நீலத் துணியின்மேல் உதிர்ந்த சிவப்பு நூல் துண்டுகளைப் போலக் காசநோய்க் கிருமிகள் கிடக்கும். ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் காசநோய்க்குக் காரணம் இந்தக் கிருமிதான் என்று 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி பெர்லின் நகரில் அறிவித்தார். அந்த நாளைத்தான் இன்று உலகக் காசநோய் நாளாகக் கொண்டாடுகிறோம். அவருக்குப் பிறகு வந்த சீல், நீல்சன் என்னும் இரு ஜெர்மானியர்களின் பெயரால் இந்தச் சாய முறை வழங்குகிறது.

எல்லாக் கிருமிக்கும் இதே சாயந்தானா என்று கேட்பீர்கள். இல்லை. உளி பட்டுக் கை வெட்டுப்பட்டு, புண் சீழ் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சீழுக்கு வேறு சாய முறை உண்டு. டென்மார்க் நாட்டைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்பவர் 1884-இல் வெளியிட்டது அது. முதலில் ஊதாச் சாயம், பிறகு அயோடின், அதன்பின் ஆல்கஹால், முடிவில் ஒரு சிவப்புச் சாயம் என்று வரிசையாக ஊற்றுவார்கள். சில கிருமிகள் ஊதா நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். சில அதை விட்டுவிட்டு இளஞ்சிவப்பாகும். சீழில் அடிக்கடி காணப்படும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்னும் கிருமி, திராட்சைக் குலையைப் போல ஊதா நிறத்தில் கூட்டமாகத் தெரியும். எந்த மருந்தில் தொடங்கலாம் என்று யோசிப்பதற்கு மருத்துவருக்கு இது முதல் கைகாட்டி.

மீண்டும் நம் கோழைக்கு வருவோம். சாயமேற்றிய தகட்டில் ஒரே ஒரு இடத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதில்லை. நுண்பெருக்காடியில் ஒரு பார்வைக்கு அகப்படும் வட்டத்தைப் புலம் என்பார்கள். கிருமி தென்படாவிட்டால், இடம் மாற்றி மாற்றிக் குறைந்தது 100 புலங்களையாவது பார்த்த பிறகே “காணப்படவில்லை” என்று எழுதுவார்கள். தென்பட்டால் எண்ணிப் பார்த்து ஒன்று பிளஸ், இரண்டு பிளஸ், மூன்று பிளஸ் என்று குறிப்பார்கள். பிளஸ் கூடக் கூட, அந்த நோயாளியிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் வாய்ப்பும் கூடுகிறது.

நேயர்களே, இனி நான் சொல்லப்போவதைச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். நுண்பெருக்காடியில் கிருமி கண்ணில் பட வேண்டுமானால், ஒரு மில்லிலிட்டர் கோழையில் ஏறக்குறைய 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால், எத்தனை கெட்டிக்காரர் பார்த்தாலும் தவறிப்போகலாம். ஆற்றில் வலை வீசினோம், மீன் சிக்கவில்லை. அதனால் ஆற்றில் மீனே இல்லை என்று சொல்லிவிடலாமா? “கிருமி காணப்படவில்லை” என்ற சொல்லுக்குப் பொருள், “இந்தக் குப்பியில், இந்த முறையில் காணப்படவில்லை” என்பதுதான். “நோய் இல்லை” என்று அதற்குப் பொருள் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட முறை கோழை கேட்பதும், எக்ஸ்-ரே எடுப்பதும், மறுபடி கூப்பிடுவதும் இதனால்தான்.

இங்கேதான் மூன்றாவது கலை கைகொடுக்கிறது. அதுதான் கிருமியை வளர்த்துப் பார்ப்பது. ஒரு மில்லிலிட்டரில் 10 முதல் 100 உயிருள்ள கிருமிகள் இருந்தாலே போதும், வளர்ப்பு முறை காட்டிக்கொடுத்துவிடும். ஒற்றை விதையைக் கண்ணால் தேடிப் பிடிப்பது கடினம். அதை மண்ணில் போட்டு முளைக்க விட்டால், செடியைப் பார்த்துவிடலாம் அல்லவா?

கிருமி வளர்வதற்கு உணவு கலந்த ஒரு பாத்தி வேண்டும். அதை ஊடகம் என்பார்கள். அந்தப் பாத்தியின் கதையில் நமக்கு மிகவும் பழக்கமான ஒரு பொருள் வருகிறது. தீபாவளிக்கும் விருந்துக்கும் நாம் கிண்டிக் கட்டி போட்டுத் துண்டு போடுகிறோமே, அந்த அகார் அகார்தான் அது. ராபர்ட் காக் முதலில் ஜெலட்டினைப் பயன்படுத்தினார். உடம்புச் சூட்டில் வைத்தால் அது உருகி ஓடிவிடும். பல கிருமிகள் அதைத் தின்று நீராக்கியும் விடும். அவருடைய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்டர் ஹெஸ் என்பவருக்கும் இதே தொல்லை. வெயில் காலத்திலும் வீட்டில் செய்யும் ஜெல்லி மட்டும் எப்படி உருகாமல் நிற்கிறது என்று அவர் தம் மனைவி ஃபேனியைக் கேட்டார். “அது அகார் அகார்” என்றார் அந்த அம்மையார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய ஓர் அண்டை வீட்டாரிடமிருந்து அவர் கற்றுக்கொண்ட பக்குவம் அது. 1881-ஆம் ஆண்டு அடுப்படியிலிருந்து ஆய்வுக்கூடத்துக்குப் போன அந்தக் கடற்பாசி, இன்றுவரை உலகத்து ஆய்வுக்கூடங்களில் எல்லாம் இருக்கிறது. அதற்கு வழங்கும் பெயரும் மலாய்ச் சொல்தான். 1882-இல் காக் எழுதிய கட்டுரையில் அகார் என்ற பெயர் வந்தது. ஃபேனியின் பெயர் வரவில்லை.

அகாரோடு இறைச்சிச் சாறு போன்ற உணவைக் கலந்து, ஆட்டோகிளேவ் என்னும் கருவியில் 121 டிகிரிச் சூட்டில் 15 நிமிடம் வைப்பார்கள். நம் பிரஷர் குக்கருக்கு அண்ணன் என்று அந்தக் கருவியைச் சொல்லலாம். முன்பே ஏதேனும் கிருமி இருந்தால் அதில் செத்துவிடும். பிறகு அதை, 1887-இல் ஜூலியஸ் பெட்ரி விளக்கி எழுதிய மூடியுள்ள வட்டத் தட்டில் ஊற்றி உறைய விடுவார்கள். ஒரு கம்பி வளையத்தை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, ஆற வைத்து, அதில் சீழைத் தொட்டு அகாரின்மேல் கோலத்தின் இழையைப் போல இழுப்பார்கள். மறுபடி காய்ச்சி, மறுபடி இழுப்பார்கள். இழுக்க இழுக்கக் கிருமிகள் குறைந்து, கடைசி இழையில் தனித்தனியாக விழும். 37 டிகிரிச் சூட்டில் ஓர் இரவு வைத்தால், தனியாக விழுந்த ஒவ்வொரு கிருமியும் பல்கிப் பெருகி ஒரு பொட்டாகத் தெரியும். வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். மூடி வைக்க மறந்த அகார் அகாரில் இரண்டொரு நாளில் புள்ளி புள்ளியாகத் தோன்றுகிறதே, அதுவும் இத்தகைய கூட்டங்கள்தான். அதைச் சுரண்டிப் போட்டுவிட்டு மிச்சத்தைத் தின்னக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

புண்ணில் உள்ள கிருமி ஓர் இரவில் வளர்ந்துவிடுகிறது. காசநோய்க் கிருமிக்கு மட்டும் ஏன் இரண்டு மாதம்? குடலில் வாழும் ஈ.கோலை என்னும் கிருமி, நல்ல உணவும் சூடும் கிடைத்தால் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். காசநோய்க் கிருமி இரண்டாவதற்கு 15 முதல் 20 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. கீரை விதை தூவியவர் ஒரு மாதத்தில் பறிக்கிறார். ரப்பர்க் கன்று நட்டவர் பால் வெட்ட ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார். அதைப் போலத்தான் இதுவும்.

இந்தக் கிருமிக்குப் பெரும்பாலும் கோழிமுட்டையைக் கலந்து செய்த பச்சை நிறப் பாத்தியைக் கொடுக்கிறார்கள். முதலில் காரக் கரைசல் ஒன்றால் கோழையில் உள்ள மற்றக் கிருமிகளைக் கொன்றுவிட்டு, மிச்சத்தை அந்தப் பாத்தியில் விதைக்கிறார்கள். மூன்று வாரம் முதல் எட்டு வாரத்துக்குள், ரொட்டித் தூளைப் போல வறண்ட, வெளிர் மஞ்சள் நிறக் கட்டிகள் தோன்றும். எட்டு வாரம் பார்த்தும் ஒன்றும் தோன்றாவிட்டால்தான் “வளரவில்லை” என்று எழுதுவார்கள். திரவ ஊடகத்தை வைத்துக் கண்காணிக்கும் இயந்திரங்கள் இருக்கும் இடங்களில் இன்னும் விரைவில் விடை கிடைக்கும்.

வளர்த்த கிருமியை வைத்துத்தான் மூன்றாவது கேள்வியை முழுமையாகக் கேட்கிறார்கள். மருந்து கலந்த பாத்தியில் அதை விதைப்பார்கள். வளரவில்லை என்றால் அந்த மருந்து வேலை செய்கிறது. வளர்ந்துவிட்டால், அந்த மருந்துக்குக் கிருமி பழகிவிட்டது என்று பொருள். இடையில் மாத்திரையை நிறுத்துவதும், நினைத்தபோது விழுங்குவதும் கிருமியை இப்படிப் பழக்கிவிடும் செயல்கள். இப்போது ஜீன்எக்ஸ்பெர்ட் போன்ற கருவிகளும் வந்துவிட்டன. அவை கிருமியின் மரபுப் பொருளைத் தேடி, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் காசநோய் இருக்கிறதா, ரிஃபாம்பிசின் என்னும் முக்கிய மருந்துக்குக் கிருமி பழகிவிட்டதா என்று சொல்லிவிடுகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2010-ஆம் ஆண்டு இந்த முறைக்கு ஒப்புதல் தந்தது. எனினும், செத்த கிருமியின் மரபுப் பொருளையும் அது காட்டிவிடக்கூடும். ஆகவே, சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க நுண்பெருக்காடியும் வளர்ப்பு முறையும் இன்றும் தேவைப்படுகின்றன.

நேயர்களே, இத்தனை கருவியும் இத்தனை திறமையும் ஒன்றை நம்பி நிற்கின்றன. அது நாம் குப்பியில் கொடுத்தனுப்பும் பொருள். எச்சிலைக் கொடுத்தால், நூறு புலம் பார்த்தாலும், எட்டு வாரம் காத்திருந்தாலும், அவர்கள் எச்சிலைத்தான் சோதித்திருப்பார்கள். ஆகவே இதை நினைவில் வையுங்கள். காலையில் எழுந்ததும், சாப்பிடுமுன், வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள். வீட்டுக்கு வெளியே, ஆட்கள் இல்லாத காற்றோட்டமான இடத்துக்குப் போங்கள். இரண்டு மூன்று முறை நன்றாக மூச்சை இழுத்து விட்டு, நெஞ்சின் அடியிலிருந்து இருமுங்கள். கெட்டியாக வருவதைக் குப்பியில் எடுங்கள். ஒரு தேக்கரண்டி அளவு வேண்டும். மூடியை இறுக்கி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தாமதிக்காமல் கொண்டுபோய்க் கொடுங்கள். சிறு குழந்தைகள் கோழையைத் துப்பத் தெரியாமல் விழுங்கிவிடுவார்கள். அவர்களுக்கு வேறு வழியில் சோதனை செய்வதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

காசநோய் பரம்பரைச் சாபம் அன்று. தட்டாலும் குவளையாலும் ஒட்டுவதும் அன்று. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது காற்றில் கலந்து பரவும் கிருமி அது. சாதாரணக் காசநோய்க்குப் பெரும்பாலும் ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட வேண்டும். முதல் சில வாரத்திலேயே இருமல் குறையும், உடம்பு தேறும். அதைக் கண்டு நிறுத்திவிடாதீர்கள். உடம்பு தேறியதா என்று நமக்குத் தெரியும். கிருமி ஒழிந்ததா என்று கோழையைச் சோதித்துத்தான் அறிய முடியும்.

இருமுகிற தாத்தாவின் மடியில்தான் வீட்டின் கடைசிப் பேரக்குழந்தை உட்கார்ந்திருக்கும். அந்தக் குழந்தைக்காகவாவது, குப்பியை ஒளித்து வைக்காதீர்கள். வெட்கப்படாமல் நிரப்புங்கள். கூப்பிட்ட நாளில் மறுபடி போங்கள். ஜன்னலைத் திறந்து காற்றை உள்ளே விடுங்கள்.